பினாங்கில் ஒரு முசு கூடுதல்

வெளிநாட்டிலிருந்து வரும் தொலைபேசியில் ஒவ்வொரு சொல்லும் இரண்டு முறை கேட்ட காலம் ஒன்று இருந்தது. எண்பதுகளின் கடைசி. மறுமுனையில் ஒருவர் "ஹலோ" என்றால் இங்கே "ஹலோ ஹலோ" என்று வந்து சேரும். இரண்டாவதைக் கழித்துவிட்டு முதலாவதை மட்டும் எடுத்துக்கொள்ள நம் காதுகள் பழகியிருந்தன. அப்படி நான் கழித்துவிட்ட ஒரு "முசு"தான் என்னைப் பினாங்கு வரை இழுத்துக்கொண்டு போனது.

நான் ஓசூர்ப் பக்கத்தில் ஒரு பட்டுப்புழு வளர்ப்புப் பயிற்சி நிலையத்தில் வேதியியல்காரன். முசுக்கட்டை இலையை, அதாவது மல்பெரி இலையை, காயவைத்து, பொடித்து, எரித்து, கரைத்து, உள்ளே என்னவெல்லாம் இருக்கிறது என்று பார்ப்பது என் வேலை. பார்த்ததைச் சொன்னால் கேட்பதற்கு ஆள் கிடையாது. மனைவி கேட்பதை நிறுத்திப் பல காலம் ஆகிவிட்டது. புழுக்களும் என் அறிக்கையைப் படித்துவிட்டு இலையில் வாய் வைப்பதில்லை. ஆகவே மதியச் சாப்பாட்டுக்குப் போகும் மெஸ்ஸில் ஜலால் பாயிடம் பேசுவேன். கல்லாவில் உட்கார்ந்திருப்பவர், எழுந்து ஓட முடியாது.

ஜலால் பாயின் மச்சான் ஹமீது பினாங்கில் சூலியா தெருவில் சாப்பாட்டுக் கடை வைத்திருந்தார். ஒரு மதியம் அந்தக் கடையிலிருந்து மெஸ்ஸுக்கு அழைப்பு வந்தது. ஜலால் பாய் இரண்டு நிமிடம் பேசிவிட்டு ரிசீவரை என்னிடம் நீட்டினார். மறுமுனையில் தட்டுகள் உருளும் சத்தம், யாரோ மாவை மேசையில் ஓங்கி அறையும் சத்தம், நடுவே கரகரத்த ஒரு குரல்.

"தம்பி தம்பி, எலை பத்தி எலை பத்தி நல்லாத் தெரிஞ்சவரு நீங்கதானே தானே? முசு முசு க்..." ஒரு தட்டு விழுந்தது. "...வீட்டுல நெறைய இருக்கு இருக்கு. வந்து பாக்கணும் பாக்கணும். டிக்கெட் என் பொறுப்பு பொறுப்பு."

முசு ஒன்றைக் கழித்தேன். மிச்சம் "முசுக்." தட்டு விழுங்கிய "கட்டை"யை நானே சேர்த்துக்கொண்டேன். உலகத்தில் ஒருவர் என் இலையைப் பற்றிக் கேட்பதற்காக விமான டிக்கெட் எடுக்கிறார் என்றால் எவன் மேற்கொண்டு கேள்வி கேட்பான்?

புதன்கிழமை பினாங்கில் இறங்கினேன். வெயில் நம் ஊர் வெயில்தான், ஈரத்துணியில் சுற்றிக் கொடுத்தார்கள். விமான நிலைய வாசலில் இரண்டு பேர் நின்றார்கள். உருண்டையாக இருந்தவர் ஹமீது. ஒல்லியாக, நெட்டையாக, வெள்ளைச் சட்டைப் பையில் இரண்டு பேனாவோடு நின்றவர் பொன்னுத்துரை. அரசாங்க அலுவலகத்தில் தலைமைக் கிளார்க்காக இருந்து ஓய்வு பெற்றவர், பூர்வீகம் யாழ்ப்பாணம், வீடு ஆயர் ஈத்தாம். தொலைபேசியில் கேட்ட கரகரப்பு அவருடையதுதான். நேரில் இன்னும் மோசமாக இருந்தது, உப்புத்தாளைத் தேய்ப்பது போல.

"வாங்க தம்பி, மொதல்ல மாக்கான்," என்றார் ஹமீது. மாக்கான் என்றால் சாப்பாடு. "கெரேத்தா பழசு லா, பிரேக் மட்டும் புதுசு," என்று காரின் கதவைத் திறந்துவிட்டார்.

இந்த இடத்தில் முசுக்கட்டை இலையைப் பற்றி ஒன்று சொல்லியாக வேண்டும், இல்லாவிட்டால் அன்றைய சாப்பாட்டை விளக்க முடியாது. பட்டுப்புழுவுக்கு அந்த இலை மட்டும் ஏன் பிடிக்கிறது என்று ஜப்பான்காரர்கள் நோண்டிப் பார்த்திருக்கிறார்கள். இலையின் வாசனைப் பொருட்களில் சில புழுவைப் பார்த்து "வா" என்கின்றன. வந்த பிறகு வேறு சில "கடி" என்கின்றன. கடித்த பிறகு நார்ச்சத்தும் சில உப்புகளும் சேர்ந்து "விழுங்கு" என்கின்றன. மூன்றில் ஒன்று குறைந்தாலும் புழு சரியாகச் சாப்பிடாது. ஹமீது கடையில் எனக்கு மூன்றும் நடந்தது. வாசலில் மீன்குழம்பு வாசனை "வா" என்றது. கோழித்துண்டு "கடி" என்றது. நாலு குழம்பைக் கலந்து ஊற்றிய சோறு, என்னைக் கேட்காமலே உள்ளே போனது.

அப்போதுதான் பொன்னுத்துரை அண்ணன் விஷயத்தைச் சொன்னார். "ஞாயித்துக்கெழமை என் மக கமலாவுக்குக் கல்யாணம் தம்பி. அப்பன் எழுதின வாழ்த்துப் பாட்டை அப்பனே பாடணும்லா. இருபத்தேழு கண்ணி, நட்சத்திரத்துக்கு ஒண்ணு. பாடிப் பாத்துப் பாடிப் பாத்துத் தொண்டை கட்டிப்போச்சு. நெஞ்செல்லாம் சளி. சளிக்கு முசுமுசுக்கைய விட்டா வேற மருந்து ஏது? வீட்டுலயே வளத்துத் தெனம் கஷாயம் குடிக்கிறேன், ஒண்ணும் கேக்க மாட்டேங்குது. எந்த அளவுல குடிக்கணும்னு நீங்கதான் சொல்லணும்."

விழுங்கிக்கொண்டிருந்த மீன் முட்டை தொண்டையில் நின்றது. முசுமுசுக்கை! அது எதிரொலி இல்லை, பெயரே அப்படித்தான். தொட்டால் சுரசுரவென்று இருக்கும் கொடி அது. நம் வீடுகளில் சளி பிடித்தால் அரைத்து அடைமாவில் கலக்கிற கீரை. அதற்கும் என் மரத்துக்கும் எந்தச் சம்பந்தமும் இல்லை. சாப்பாட்டுக்குப் பெயர் போன ஊரில், அடுத்தவர் செலவில், தப்பான இலை நிபுணனாக உட்கார்ந்திருந்தேன். உண்மையைச் சொல்ல வாயைத் திறந்தேன். திறந்த வாய்க்கு நேராக ஹமீது இன்னொரு கரண்டி குழம்போடு வந்தார்.

வியாழக்கிழமை காலையில் ஆயர் ஈத்தாம் போனோம். மலையடிவாரத்தில் வேலி போட்ட சின்ன வீடு. போகிற வழியெல்லாம் மன்னிப்புக் கேட்பதற்கு வாக்கியம் தயாரித்துக்கொண்டே போனேன். பொன்னுத்துரை அண்ணன் கொல்லைக் கதவைத் திறந்து, "இதோ, ஒங்க முசுமுசுக்கை," என்று காட்டினார்.

என் உயரத்துக்கு மேல் நின்றது அது. பளபளவென்ற இலை, ஓரத்தில் ரம்பப் பல், கிள்ளினால் பால். முசுக்கட்டை! அன்னிய ஊரில் ஒன்றுவிட்ட சித்தப்பாவைப் பார்த்தது போல எனக்குக் கண் கலங்கிவிட்டது. தப்பான செடியைப் பற்றிக் கேட்கத் தப்பான ஆளைக் கூப்பிட்டவர், தப்பாக வளர்த்திருந்தது சரியாக என் செடியை.

"அண்ணே, இது முசுமுசுக்கை இல்லை. முசுக்கட்டை. மல்பெரி."

"நர்சரிக்காரனும் மல்பெரின்னுதான் சொன்னான். அவனுக்குத் தமிழ் தெரியாது. நான் அகராதியில பாத்தேன். முசுன்னு வந்துச்சு, சரியாப் போச்சுன்னு வாங்கிட்டேன்."

"பேர்தான் அண்ணே ஒன்று போல இருக்கிறது. அது கொடி, இது மரம்."

"ஒரே குடும்பம் லா தம்பி. ஒண்ணு முசு, இன்னொண்ணு முசுமுசு. அண்ணன் தம்பி மாதிரி. முப்பது வருஷம் ஃபைலுக்குப் பேரு வெச்சவன் நான், எனக்குத் தெரியாதா?"

தலைமைக் கிளார்க்கிடம் வாதாடி வென்றவர்கள் எந்த நாட்டிலும் இல்லை. நான் விட்டுக்கொடுத்தேன். பிறகு அவர் கேட்ட கேள்விதான் என்னைக் கவிழ்த்தது. "சரி, இதுக்குள்ள என்னதான் இருக்கு?"

அந்தக் கேள்வியை யாராவது கேட்க மாட்டார்களா என்று எத்தனை வருடம் காத்திருந்தேன்! கொட்டிவிட்டேன். காய்ந்த இலையில் ஏறக்குறைய ஐந்தில் ஒரு பங்கு புரதம், அண்ணே. சுண்ணாம்புச் சத்து ஏராளம். இரும்பு உண்டு. கேரட்டில் இருக்கிற கரோட்டின் உண்டு. வைட்டமின் சி உண்டு, காய்ச்சினால் கொஞ்சம் போய்விடும். ரத்தக் குழாய்க்கு நல்லது என்கிற ரூட்டின் உண்டு. புழு தின்றால் பட்டு, மாடு தின்றால் பால், பட்டையை இடித்தால் காகிதம். ஒவ்வொன்றுக்கும் அவர் "நல்லதுதானே?" என்று கேட்டார். ஒவ்வொன்றுக்கும் நான் "ரொம்ப நல்லது" என்றேன். அடுத்த வீட்டுச் சீன அம்மா வேலிக்கு மேலே கையை நீட்டி, சூப்புக்கு என்று நாலு கொழுந்தை உரிமையோடு கிள்ளிக்கொண்டு போனார். அண்ணன் அதைச் சாட்சியாக எடுத்துக்கொண்டார். அன்று மாலை கஷாயம் ஒரு ஃபிளாஸ்க்கிலிருந்து இரண்டு ஃபிளாஸ்க்காக உயர்ந்தது.

அவர் மனைவி அன்னம் அக்கா என்னைச் சமையலறைக்குக் கூப்பிட்டார். காப்பி கொடுப்பதற்கு என்று நினைத்தேன்.

"தம்பி, ஒண்ணு கேட்டுக்குறேன். அவருக்குக் குரல் வராமப் பாத்துக்குங்க."

எனக்குச் சிரிப்பு வந்துவிட்டது. "பாட்டு அவ்வளவு மோசமா அக்கா?"

"பாட்டு கெடக்குது. அத எழுத ஆரம்பிச்ச மாசத்துலேருந்து மனுசன் சரியில்ல. கை நடுங்குது. திடீர்னு வேர்த்துக் கொட்டுது. ஒரு நாளு என் பேரே மறந்துபோயி, மணியம்னு கூப்பிடுறாரு. மணியம் யாரு தெரியுமா? ஆபீஸ்ல இருந்த பியூனு." முந்தானையால் கண்ணைத் துடைத்தார். "டாக்டருகிட்ட வாங்கன்னா, கல்யாணம் முடியட்டும்கிறாரு. அந்தப் பாட்டு அவரத் திங்குது தம்பி. மேடையில ஏறி இருபத்தேழையும் பாடினா அங்கேயே விழுந்துருவாரு. எனக்குப் பயமா இருக்கு."

சிரித்ததற்காக வெட்கமாக இருந்தது. ஆனாலும் பாட்டு ஓர் ஆளைத் தின்னும் என்பதை எந்த ஆய்வுக்கூடத்திலும் நான் படித்ததில்லை. எழுதுகிறவரின் வயது, கல்யாண அலைச்சல் என்று ஏதோ சொல்லிச் சமாளித்தேன்.

வெள்ளிக்கிழமை சாயந்திரம் ஹமீது தன் கடையில் எனக்கு ஒரு கூட்டம் ஏற்பாடு செய்திருந்தார். கூட்டம் என்றால், டீ குடிக்க வந்தவர்களை எழுந்துபோக விடவில்லை. ரொட்டி போடும் கல்லுக்குப் பக்கத்தில் நின்று முசுக்கட்டை இலையின் வேதியியல் பேசினேன். ஒவ்வொரு முக்கியமான சொல்லுக்கும் ரொட்டி மாஸ்டர் மாவை மேசையில் அறைந்து தாளம் போட்டார். "வா, கடி, விழுங்கு" என்ற இடத்தில் நல்ல கைதட்டல்.

"சார், இந்த எலைய ரொட்டி சானாய்க்குத் தொட்டுக்கலாமா?" என்றார் ஒரு லாரி டிரைவர்.

"புழு திங்கிறத நான் தின்னா எனக்கும் பட்டு வருமா?" என்றார் காசு மாற்றும் கடைக்காரர். "எந்த வழியா வரும் சார்?"

முன்வரிசையில் ஃபிளாஸ்க்கோடு உட்கார்ந்திருந்த பொன்னுத்துரை அண்ணனுக்குச் சட்டை நனைந்திருந்தது. மின்விசிறி அவர் தலைக்கு நேர் மேலே சுற்றியது. நன்றி சொல்ல எழுந்தவர் என்னைப் பார்த்து, "மணியம், அந்த ஃபைலக் கொண்டா," என்றார். எல்லோரும் சிரித்தார்கள். அக்கா சொன்னதை நினைத்து எனக்குச் சிரிப்பு வரவில்லை. ஹமீது ஓடிவந்து, "ஆங்கின் ஏறிடுச்சு லா, காத்து," என்று சொல்லி, கரண்டி நிற்கிற அளவுக்குச் சீனி போட்ட டீயை அவர் கையில் கொடுத்தார். குடித்தும் நடுக்கம் நிற்கவில்லை. இன்னொரு டீ, அதற்கும் நிற்கவில்லை. வெகுநேரம் கழித்துத்தான் தெளிந்தார். "இன்னிக்கு டீ சரியில்ல போல," என்று ஹமீது டீ மாஸ்டரைத் திட்டினார். பாவம், அந்த டீயில் ஒரு குறையும் இல்லை. இலையைப் பற்றி அவ்வளவு நேரம் பேசிய என் மண்டையில் அப்போதும் ஒன்றும் உறைக்கவில்லை.

சனிக்கிழமை, உண்மையான முசுமுசுக்கையைத் தேடிப் புறப்பட்டேன். குரல் வந்தால் சீக்கிரம் பாடி முடிப்பார், பாதி ஆபத்து குறையும் என்பது என் கணக்கு. ஒப்பிட்டுக் காட்டுவதற்கு ஒரு முசுக்கட்டைக் கொழுந்தைக் கையில் எடுத்துக்கொண்டேன். பஸ் பிடித்து ஜெலுத்தோங் பாசாருக்குப் போனேன். மீன் தண்ணீரில் வழுக்கி, இறால் கூடையில் விழப் பார்த்து, ஒருவழியாகத் தமிழில் பேசும் காய்கறிக்காரம்மா ஒருவரைக் கண்டுபிடித்தேன்.

"முசுமுசுக்கையா?" என்று என்னை ஏற இறங்கப் பார்த்தார். "அது வேலியில கெடக்குற கொடி லா தம்பி. அத யாரு காசு குடுத்து வாங்குவா? எங்க தங்கியிருக்கீங்க? ஆயர் ஈத்தாமா? அங்க வேலிக்கு வேலி கெடக்குமே. அத விட்டுட்டு இங்க வந்து தேடுறீங்க."

திரும்பும்போதுதான் பஸ் விவகாரம் நடந்தது. மலாயில் இலைக்கு "டாவுன்" என்று ஹமீது முதல் நாளே எனக்குச் சொல்லிக்கொடுத்திருந்தார். எனக்குத் தெரிந்த ஒரே மலாய்ச் சொல், அதுவும் என் தொழில் சொல். வந்து நின்ற பஸ்ஸில் கண்டக்டர் என்னைப் பார்த்து, "டவுன்?" என்றார். கையிலிருக்கிற இலையைப் பற்றித்தான் விசாரிக்கிறார் என்று எனக்கு ஒரே பெருமை. "யெஸ், டாவுன், டாவுன்!" என்று இலையைத் தூக்கிக் காட்டினேன். "டவுன்," என்று தலையாட்டி டிக்கெட் கிழித்தார். இப்படி ஒரு நல்ல மனிதரா என்று ஜன்னலோரம் உட்கார்ந்து வந்தேன். பஸ் ஆயர் ஈத்தாமுக்கு நேர் எதிர்த்திசையில் என்னை நகரத்துக்குள் கொண்டுபோய், சூலியா தெருவுக்குப் பக்கத்தில் இறக்கிவிட்டது. எங்கள் ஊர் கண்டக்டராக இருந்தால் இலையோடு ஏறுகிறவனிடம் ஆட்டுக்கும் டிக்கெட் கேட்டிருப்பார். ஹமீது என்னைப் பார்த்து ஆச்சரியப்படவில்லை, சோற்றைப் போட்டார்.

ஆயர் ஈத்தாம் வந்து சேர்ந்தபோது கல்யாண வீடு களைகட்டியிருந்தது. அன்னம் அக்கா வேலியைச் சுத்தம் செய்து, பிடுங்கிய கொடியெல்லாம் மூலையில் குவித்திருந்தார். குவியலில் கை வைத்தேன். சுரசுர. முசுமுசுக்கை! பொன்னுத்துரை அண்ணன் ஆயிரக்கணக்கான மைல் தூரத்திலிருந்து ஆளை வரவழைத்துத் தேடிய மூலிகை, அவர் வேலியிலேயே படர்ந்து, வாரம் ஒரு முறை குப்பைக்குப் போய்க்கொண்டிருந்தது.

நல்ல இலையாகப் பொறுக்கி அக்காவிடம் கொடுத்தேன். அவர் அதை வாங்கி, ஈரத்துணியில் பத்திரமாகச் சுற்றி, குளிர்சாதனப் பெட்டியில் கத்தரிக்காய்க்கு அடியில் ஒளித்துவைத்தார். "ஞாயித்துக்கெழமை தாண்டட்டும் தம்பி. நீங்க எதையும் பாக்கல."

ஞாயிற்றுக்கிழமை காலை, கோயிலை ஒட்டிய மண்டபம். தாலி கட்டி முடிந்தது. சாப்பாட்டு இலை போடுவதற்குள் பாட்டு என்று ஏற்பாடு. பொன்னுத்துரை அண்ணன் பட்டு வேட்டியோடு ஒலிவாங்கி முன்னால் நின்றார். குரல் கரகரத்தாலும் பாடினார். அசுவினி முடிந்தது, பரணி முடிந்தது, கார்த்திகை முடிந்தது. ரோகிணி வந்தது. ரோகிணி முடிந்ததும் மறுபடி ரோகிணி வந்தது. மூன்றாம் முறையும் ரோகிணியே வந்தபோது, பெண்ணின் நட்சத்திரம் ரோகிணி என்பதால் பாசத்தில் திரும்பத் திரும்பப் பாடுகிறார் என்று சபையே உருகியது. பக்கத்தில் ஒரு அம்மா மூக்கைச் சிந்தினார். நான் அண்ணன் நெற்றியைப் பார்த்தேன். தலையில் ஒரு குடம் கவிழ்த்தது போல வேர்வை. அவர் மாப்பிள்ளை பக்கம் திரும்பி, "மணியம், ஒரு நாற்காலி," என்றார். சொல்லிவிட்டு மேடையிலேயே உட்கார்ந்துவிட்டார்.

பிறகு எல்லாம் ஒரே சமயத்தில் நடந்தது. யாழ்ப்பாணத்துக் குடும்பக் கல்யாணத்தில் டாக்டருக்குப் பஞ்சமா? மூன்று பேர் மேடைக்கு ஓடினார்கள். ஒருவர் கண், ஒருவர் பல், ஒருவர் மாடு. கண் டாக்டர் நாடி பார்த்து, "சுகர் எறங்கியிருக்கு, இனிப்புக் குடுங்க," என்றார். அதில் தவறில்லை. ரோஜா நிறச் சிராப், அதாவது சர்பத், ஒரு குவளை உள்ளே போனது. இரண்டு லட்டு போனது. மறுபடி சிராப் போனது. நடுக்கம் கூடியதே தவிரக் குறையவில்லை. "ஆங்கின் லா!" என்று ஹமீது தைலத்தோடு வந்தார். அன்னம் அக்கா அவர் தலையை மடியில் தாங்கிக்கொண்டு, "பாட்டு, அந்தப் பாட்டுதான்," என்று அழுதார். கமலா மாலையோடு ஓடிவந்து அப்பா காலைப் பிடித்துக்கொண்டாள்.

"அக்கா, காலையில் என்ன சாப்பிட்டார்?"

"ஒண்ணும் சாப்பிடல தம்பி. இனிப்புநீர் மாத்திரைய மட்டும் போட்டாரு. அப்புறம் அந்த ரெண்டு ஃபிளாஸ்க்கு கஷாயம்."

இனிப்புநீர் மாத்திரை. அவருக்குச் சர்க்கரை நோய் இருப்பதே எனக்கு அப்போதுதான் தெரியும். முசுக்கட்டையில் ஒரு பொருள் இருக்கிறது, பெயர் டியாக்ஸிநோஜிரிமைசின். பெயரைச் சொல்லி முடிப்பதற்குள் டீ ஆறிவிடும் என்பதால் வெள்ளிக்கிழமைப் பேச்சில் விட்டுவிட்டேன். நம் குடலில் மாவையும் சீனியையும் வெட்டிச் சின்னதாக்கி ரத்தத்துக்கு அனுப்பும் கத்திரிகள் உண்டு. அந்தப் பொருள் கத்திரிகளின் வாயைக் கட்டிவிடும். ஒரு பக்கம் மாத்திரை ரத்தத்திலிருக்கும் சர்க்கரையை இறக்குகிறது. மறுபக்கம் இலை புதிதாக எதையும் ஏற விடுவதில்லை. எத்தனை லட்டு கொடுத்தாலும் வெட்டுப்படாமல் வயிற்றில் சும்மா கிடக்கும். வெள்ளிக்கிழமை டீயும் அப்படித்தான் கிடந்திருக்கிறது. அந்தக் கஷாயத்தை "ரொம்ப நல்லது" என்று சொல்லி இரண்டு மடங்காக்கியவன் நான்.

"சீனி வேண்டாம்!" என்று கத்தினேன். "குளுக்கோஸ்! அதற்குத்தான் வெட்டு வேண்டாம்!"

நான் வெட்டு என்று கத்தியதைக் கேட்டு இரண்டு பேர் என்னைப் பிடிக்க வந்தார்கள். அவர்களைத் தாண்டித் தெருவுக்கு ஓடினேன். எதிரே ஒரு சீனர் மளிகைக் கடை. "குளுக்கோஸ், குளுக்கோஸ்!" "பெசார்? கெச்சில்?" என்றார் கடைக்காரர். டாவுன் தவிர வேறு மலாய் தெரியாதவன் நான். பெரிதா, சின்னதா என்று கேட்டிருக்கிறார். நான் இரண்டு டின்னையும் அள்ளிக்கொண்டு ஓடினேன். என் முகத்தைப் பார்த்துவிட்டு, அந்த மனிதர் கடையைத் திறந்தபடியே போட்டுவிட்டு, வெந்நீர் ஃபிளாஸ்க்கும் கரண்டியுமாகப் பின்னாலேயே ஓடிவந்தார்.

அவர் வெந்நீரில்தான் கரைத்தோம். அக்கா கரண்டி கரண்டியாகப் புகட்டினார். நான் மூன்று டாக்டர்களுக்கும் விஷயத்தைச் சொன்னேன். கண்ணும் பல்லும் சந்தேகமாகப் பார்த்தார்கள். மாட்டு டாக்டர் மட்டும், "மல்பெரியா? நல்ல தீவனமாச்சே," என்றார்.

கொஞ்ச நேரத்தில் நடுக்கம் அடங்கியது. வேர்வை நின்றது. பொன்னுத்துரை அண்ணன் கண்ணைத் திறந்து, குனிந்திருந்த முகத்தைப் பார்த்தார். "அன்னம்," என்றார்.

பியூன் பெயர் வரவில்லை. அக்கா அந்த இடத்திலேயே உடைந்து அழுதார். எனக்கும் முட்டிக்கொண்டு வந்தது. அழுது முடித்துவிட்டு அக்கா என் பக்கம் திரும்பினார்.

"அப்ப பாட்டு இல்லையா தம்பி? எலைதானா?"

"இலைதான் அக்கா. இலையும் மாத்திரையும். பாட்டு ஒன்றும் செய்யவில்லை."

அக்கா முகத்தைத் துடைத்துக்கொண்டார். அண்ணனை நாற்காலியில் உட்கார வைத்தார். ஒலிவாங்கியை இழுத்து அவர் வாய்க்கு நேராக வைத்தார். குளுக்கோஸ் டின்னையும் கரண்டியையும் மடியில் வைத்துக்கொண்டு பக்கத்தில் உட்கார்ந்தார்.

"ரோகிணி ஆயிருச்சு. மிருகசீரிடத்துலேருந்து பாடுங்க."

"சாப்பாடு ஆறுதே," என்று யாரோ முனகினார். அக்கா பார்த்த பார்வையில் அவர் உட்கார்ந்துவிட்டார்.

அவர் பாடினார், உப்புத்தாள் குரலில், ரேவதி வரைக்கும். மூன்று கண்ணிக்கு ஒரு கரண்டி குளுக்கோஸ். மளிகைக் கடைக்காரர் முன்வரிசையில் உட்கார்ந்து, ஒரு சொல் புரியாமல், ஒவ்வொரு கண்ணிக்கும் கை தட்டினார். பாட்டு நன்றாக இருந்தது என்று என்னால் பொய் சொல்ல முடியாது. ஆனால் யாரும் எழுந்து போகவில்லை. பாட்டு முடிந்த கையோடு கண் டாக்டர் தன் கெரேத்தாவிலேயே அவரை ஆஸ்பத்திரிக்குக் கொண்டுபோனார். மாத்திரை அளவைச் சரிசெய்தார்கள். கஷாயத்துக்குத் தடை போட்டார்கள். மரம் சீன அம்மாவின் சூப்புக்குப் போனது.

திங்கட்கிழமை நான் கிளம்பும்போது அடுக்களையில் அடை வாசனை வந்தது. கத்தரிக்காய்க்கு அடியில் இருந்தது வெளியே வந்துவிட்டது என்று புரிந்துகொண்டேன்.

ஊர் திரும்பிச் சில வாரம் கழித்து, மெஸ்ஸுக்கு மறுபடி அழைப்பு வந்தது. ஜலால் பாய் ரிசீவரை நீட்டினார். ஹலோ கிலோ ஒன்றும் இல்லை, எடுத்த எடுப்பில் பாட்டு. ரேவதிக் கண்ணி. குரல் கணீரென்று இருந்தது, சளி போன இடம் தெரியவில்லை. வழக்கம்போல ஒவ்வொரு வரிக்கும் பின்னால் அதே வரி ஒரு மூச்சு தாமதமாக வந்தது. நானும் வழக்கம்போல இரண்டாவதைக் கழித்துவிட்டு முதலாவதைக் கேட்டுக்கொண்டிருந்தேன்.

மூன்றாவது வரியில் அண்ணன் ஒரு சொல்லை மாற்றிப் பாடிவிட்டார். பின்னால் வந்த எதிரொலி அதைத் திருத்திச் சரியாகப் பாடியது.

ரிசீவரைக் காதோடு அழுத்திக்கொண்டேன். இரண்டாவது குரல் அன்னம் அக்காவுடையது. எனக்குத் தெரிந்து எதிரொலி சொல்லைத் திருத்தியது அந்த ஒரு முறைதான். அன்று நான் எதையும் கழிக்கவில்லை.